கை மாற்றி ஆடுகிறவன்

"செத்தவன் சிதம்பரத்துல வந்து வீடியோ கேம் ஆடறான்னா, எமலோகத்துலயும் கரண்ட் இல்லன்னு அர்த்தம் மாமா," என்றான் பக்கிரி.

பைக்கின் பின் இருக்கையில் மணவாளனின் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு வேலை இருந்தால் அந்தக் கால் நிற்காது. சாப்பாட்டின் முன்னாலும் ஆடும், தட்டில் ரசம் தளும்பும், மனைவி திட்டுவாள். அந்த மனைவியின் தம்பிதான் பக்கிரி. வண்டி ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் அவன் பொறுப்பு.

புயல் அடித்து மூன்று வாரம் ஆகியும் கடலூரில் பாதித் தெருக்களுக்கு மின்சாரம் வரவில்லை. விழுந்த மரங்களை அறுத்துச் சாலையோரம் போட்டிருந்தார்கள். முதுநகர் வரைக்கும் பச்சை மர வாசனை கூடவே வந்தது.

மணவாளன் துறைமுகத்தில் உர மூட்டை தூக்கியவன். காணாமல் போன மூட்டை எந்த லாரியில் போயிருக்கும் என்று சொல்லத் தெரிந்ததால், தூக்குவதை விட்டுவிட்டுத் தேடு என்றார்கள் முதலாளிகள். அப்புறம் மனிதர்களைத் தேடச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். செம்மண்டலத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு போர்டு மாட்டினான். தோளில் காய்ப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

அன்று, சனிக்கிழமை காலை, மாலதி அந்த மாடி ஏறி வந்திருந்தாள். தனியார் பள்ளியில் டீச்சர். அவள் கணவன் செம்பியன் படகு எஞ்சின் மெக்கானிக். இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிணத்தைக் காட்டினால்தான் காரியம் பண்ண விடுவேன் என்று மாமியார் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடம் ஓடிவிட்டது. காரியம் நடக்காத வீட்டில் மாலதி பூ வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு.

வருகிற புதன்கிழமை திருவந்திபுரத்தில் அவளுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை இளவரசு, அவள் பள்ளியிலேயே வேன் ஓட்டுகிறவன், குமராட்சிக்காரன். எல்லாம் முடிவான பிறகு அவள் தம்பி அன்புமணி ஒரு குண்டைப் போட்டான். போன ஞாயிறு சிதம்பரத்தில் பழைய வீடியோ கேம் பெட்டிகள் வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போனானாம். கூட்டத் தலைகளுக்கு நடுவே இரண்டு கைகள் மட்டும் தெரிந்தனவாம். வலது கை இடப்பக்கம், இடது கை வலப்பக்கம், குறுக்கே போட்டு ஆடிய கைகள். கிட்டே போவதற்குள் கரண்ட் போனது. வந்தபோது ஆள் இல்லை. சின்ன வயதில் செம்பியன் மாமாவோடு வெளியூர்க் கடைகளுக்குப் போயிருக்கிறேன், உலகத்தில் அப்படி ஆடுகிறவர் அவர் ஒருத்தர்தான் என்றான் அன்புமணி.

மாலதி மணவாளனிடம் கேட்டது ஒன்றுதான்.

"இருக்காரா, இல்லையா? புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க. இருக்காருன்னா நான் கழுத்த நீட்டக் கூடாது."

செம்பியனின் போட்டோவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனபோது இளவரசு அங்கே இருந்தான். பம்பு ஓடாததால் வேனில் தண்ணீர் கேன் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். சாதுவான ஆள். பேசும்போது சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். வெள்ளைச் சாவிகளுக்கு நடுவே ஒரு பித்தளைச் சாவி. முதுநகருக்கு எப்படிப் போனால் சீக்கிரம் என்று மணவாளன் கேட்டதற்கு, செம்மண்டலத்தைத் தாண்டித் தனக்குக் கடலூரே தெரியாது என்றான்.

"தம்பிக்காரன் கத கட்டறான் மாமா," என்றான் பக்கிரி, பைக்கை முதுநகர்ச் சந்தில் திருப்பியபடி. "அக்காவுக்கு வேன் டிரைவர் மாப்பிள்ளையான்னு வயித்தெரிச்சல்."

"கத கட்டறவன் மூஞ்சியப் பாத்தேன்னு சொல்லுவான். கையப் பாத்தேன்னு சொல்ல மாட்டான்."

அவர்கள் தேடி வந்த சின்னையன் ஒரு காலத்தில் உப்பனாற்றங்கரையில் செம்பியன் ஆடிய வீடியோ கேம் கடை வைத்திருந்தவர். இப்போது மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கிறார். ஊரில் கரண்ட் இல்லாததால் ஐஸுக்குக் கிராக்கி ஜாஸ்தி. ஜெனரேட்டர் வைத்த பேக்டரியிலிருந்து வந்த பாளங்களைக் கடப்பாரையால் குத்திக்கொண்டே பேசினார்.

கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தனவாம். முதல் பெட்டி புதுச்சேரியில் வாங்கியது. இரண்டாவதை உள்ளூர்த் தச்சனை வைத்துச் செய்தார். தச்சன் பலகையின் அடிப்பக்கத்தில் குறி போட்டான். துளை போட்டுத் திருப்பி மாட்டியதும் எல்லாம் இடம் மாறிவிட்டது. எல்லா ஊரிலும் ஸ்டிக் இடது கைக்கு, பட்டன்கள் வலது கைக்கு. சின்னையன் கடையில் ஸ்டிக் வலது கைக்கு வந்தது. நல்ல பிளைவுட்டைத் தூக்கிப் போட மனசில்லாமல் அப்படியே ஓட்டினார். மற்றவர்கள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நல்ல பெட்டிக்குப் போய்விடுவார்கள். செம்பியன் மட்டும் அந்தக் கோணல் பெட்டியிலேயே கிடந்தான். அதில் பழகிய கை வேறு ஊரில் நேர்ப் பெட்டிக்கு முன்னால் நின்றால் குறுக்கே போட்டுத்தான் ஆட வேண்டும்.

பக்கிரி ஐஸ் பெட்டி மூடியில் கைகளைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். "ஸ்டேஷன்ல கையக் கட்டி உக்கார வச்ச மாதிரி இருக்கு. இதுல எங்க ஜெயிக்கறது?"

"அவன் ஜெயிச்சான்," என்றார் சின்னையன். ரவுடிகளை அடித்துக்கொண்டே தெருத் தெருவாகப் போகிற ஆட்டம் அது. கடைசித் தெரு வரைக்கும் போனது முதுநகரில் செம்பியன் ஒருவன்தான். முதல் ஆள் நிற்கிற இடப்பக்க இடத்தை யாருக்கும் விடமாட்டான். காலையில் கடை திறப்பதற்குள் வாசலில் வந்து நின்று இடம் பிடித்துவிடுவான்.

"முதல் ஆளுன்னா, ரெண்டாவது ஆளும் உண்டா?" என்று கேட்டான் மணவாளன்.

ரெண்டு பேர் ஆடுகிற பெட்டிதான் என்றார் சின்னையன். கூட யார் நின்றார்கள் என்று அவர் பார்த்ததில்லை. ஜெயிக்கிறவனைத்தானே கூட்டம் பார்க்கும்.

அன்றைக்குக் காலையைப் பற்றிக் கேட்டதும் கடப்பாரை நின்றது. அவர் வீடு ரயில்வே கேட்டுக்கு மேற்கே, தண்ணீர் வராத இடம். அன்று செம்பியன் கடைச் சாவி கேட்டு வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துக் கொடுத்தது அவர் மனைவி சவரியம்மாள். கொஞ்ச நேரத்தில் ஊர் கத்திக்கொண்டு ஓடியது. அந்தச் சாவி திரும்பவே இல்லை. பூட்டின் வளைந்த கொண்டியை அறுத்துத்தான் கடையைத் திறந்தாராம். உள்ளே இரண்டு பெட்டிகளும் சேறு குடித்துக் கிடந்தன.

பக்கிரி விரலைச் சொடக்கினான். "மாமா, சாவி வாங்க வந்தவன் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுருக்கான். இங்க தண்ணி வரல. அப்ப அவன் சாகல. மாலதிக்கா புருசன் உசுரோடத்தான் இருக்கான்."

மீன் கூடைகளுக்கு ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த சவரியம்மாளிடம் மணவாளன் போய் நின்றான். வந்தவன் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டான். அவள் கதவிடுக்கு வழியாக நீண்ட கையில் சாவியைப் போட்டாளாம். செம்பியனைத் தவிர யார் அந்நேரத்துக்குக் கேட்கப் போகிறார்கள்.

"முகம் பாக்கல. ஆனா கை ஜில்லுன்னு இருந்துச்சு. ஐஸத் தொட்ட மாதிரி." கையிலிருந்த கூடையைப் பார்த்தாள். "இப்பத்தான் அது நெனப்பு வருது."

மணவாளனின் கால் ஒரு நொடி நின்று மறுபடி ஆடத் தொடங்கியது. ஐஸ் பெட்டியை மூடிய தார்ப்பாய் பறக்காமலிருக்க அதன் கயிற்றில் கட்டிய ஒரு பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது. கொண்டி அறுபட்ட அதே கடைப் பூட்டு. அதை இரவல் கேட்டான். சின்னையன் தலையாட்ட, பூட்டு பக்கிரியின் தோள்பைக்குள் போனது.

"தொறக்க சாவி இல்ல, மாட்டக் கொண்டி இல்ல. இத எதுக்குச் சொமக்கிறோம்?"

"நீ சும்மாத்தான வர்ற. சொம."

*

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். மாலதி வீட்டில் உட்கார மறுத்துவிட்டாள். தம்பியோடு முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். ஆள் யாரென்று தெரிகிறவரை கடைக்கு எதிரே டீக்கடையில் இருக்க வேண்டும், கூப்பிடாமல் வரக் கூடாது என்று மணவாளன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். சொல்லவில்லை, அவரைக் கலங்கடிக்க வேண்டாம் என்றாள்.

புதுச்சத்திரம் தாண்டியும் பனி விலகவில்லை. வழியெல்லாம் பக்கிரி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான். உயிரோடு இருக்கிற புருசன் ஏழு வருடமாக ஏன் பெண்டாட்டியைப் பார்க்க வரவில்லை? கடன், வேறு பொம்பளை, தலையில் அடிபட்டு மறதி என்று அவனே மூன்று பதிலும் சொன்னான். மூன்றாவது சினிமாவில்தான் நடக்கும் என்றான் மணவாளன். முதல் இரண்டும் எல்லாத் தெருவிலும் நடக்கும், ஆனால் அந்த இரண்டில் மாட்டியவன் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் நடுவில் வந்து விளையாட மாட்டான்.

சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது சபாபதியின் கடை. முன்பக்கம் செல்போன் ரிப்பேர். பின்பக்கம் ஒரு நீள அறையில் மூன்று பழைய பெட்டிகள். சபாபதிக்கு நாற்பது வயது இருக்கும். மூடிய கடைகளிலிருந்து பெட்டிகளைத் தேடி வாங்கி, பிக்சர் டியூப் மாற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்து வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம் தொப்பை விழுந்த ஆண்கள் என்றார். பேங்க்காரர்கள், வாத்தியார்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். பள்ளிக்கூடத்தைக் கட்டடித்துவிட்டு ஆடிய அதே ஆட்டம்தான், இப்போது மூச்சு மட்டும் வாங்குகிறது. பெட்டியின் சத்தம் கேட்டாலே சிலருக்குக் கண் கலங்கிவிடுமாம்.

"எங்க தெருவுல அப்ப பெட்டியப் பாக்கறவன் ஒருத்தன், மூட்டை தூக்கறவன் ஒம்பது பேரு," என்றான் மணவாளன். "எனக்கு இந்தச் சத்தம் கேட்டா தோள்தான் வலிக்குது. கைய மாத்தி ஆடறவரு எப்ப வருவாரு?"

ஞாயிறு காலையில் மட்டும் வருவார். கூட்டம் சேருவதற்கு முன்னால் வந்து ஒரே ஆட்டம் ஆடுவார். போன வாரம் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்ததால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். பேர் தெரியாது, பேசவும் மாட்டார். பெட்டி முழுக்கக் காலியாக இருந்தாலும் வலப்பக்கத்து இடத்தில்தான் நிற்பார் என்றும் சபாபதி சொன்னார். தனியாக ஆடுகிறவர்கள் எல்லாம் முதல் இடத்தில் நிற்பார்கள், இவர் ஒருத்தர்தான் அதைக் காலியாக விட்டு இரண்டாம் ஆளாக ஆடுகிறார்.

பக்கிரிக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மணவாளன் மட்டும் அந்தக் காலியிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரிப்பேர் மேசைக்குப் பின்னால் இரண்டு பேரும் குந்தினார்கள். சபாபதி ஜெனரேட்டரைக் கிளப்பினார், கரண்டை நம்ப முடியாது. மணவாளனின் முழங்கால் மேசையின் காலில் பட்டு, மேலே இருந்த செல்போன் உதிரிகள் கிணுகிணுத்தன. பக்கிரி அந்த முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தான்.

பின் கதவு வழியாக ஓர் ஆள் வந்தான். பனிக்குத் தலையையும் காதையும் சேர்த்து மப்ளர் கட்டியிருந்தான். நேராக நடுப் பெட்டிக்குப் போனான். காசு போட்டான். வலப்பக்கத்தில் நின்றான். வலது கை இடப்புறம் போய் ஸ்டிக்கைப் பிடித்தது. இடது கை அதற்கு மேலாகக் குறுக்கே வந்து பட்டன்களில் விழுந்தது.

"செம்பியன்," என்று பக்கிரி மூச்சுவிட்டான். "போயி அக்காவக் கூட்டியாரட்டா?"

"போ. மெதுவாக் கூட்டியா."

பக்கிரி போனதும் மணவாளன் அவன் விட்டுப்போன தோள்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். திரையில் ஒற்றை ஆள் ரவுடிகளை அடித்துக்கொண்டு தெருவில் நடந்தான். மணவாளன் போய்க் காலியாக இருந்த இடப்பக்கத்தில் நின்றான்.

அந்த ஆள் திரும்பவில்லை.

"அங்க நிக்காதீங்க. அது ஆள் நிக்கிற எடம்."

"அந்த ஆளுதான் ஏழு வருசமா வரலியே," என்றான் மணவாளன்.

கைகள் நின்றன. மப்ளருக்குள்ளிருந்து திரும்பிய முகம் இளவரசுவுடையது.

திரையில் ரவுடிகள் அவன் ஆளை மொத்திக்கொண்டிருந்தார்கள். மணவாளன் பையிலிருந்து பூட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தான். பித்தளை மேல் பெட்டியின் வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது.

"செம்மண்டலத்தத் தாண்டிக் கடலூரே தெரியாதுன்னீங்க. முதுநகர்ச் சாவிய மட்டும் விரல்ல சுத்தறீங்க. போட்டுப் பாருங்க."

இளவரசு ஓடவில்லை. மறுக்கவும் இல்லை. இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து அந்தப் பித்தளைச் சாவியைப் பூட்டில் விட்டான். கொண்டியில்லாத பூட்டு உள்ளே கடக்கென்று திறந்தது.

வாசலில் மாலதி நின்றிருந்தாள். பின்னால் அன்புமணி, அவனுக்கும் பின்னால் வாயைத் திறந்தபடி பக்கிரி. செம்பியனைப் பார்க்க வந்தவள் இளவரசுவைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

இளவரசு அவளைப் பார்த்துத்தான் சொன்னான். முதுநகர் ஐஸ் பேக்டரியில் அவன் ஆறேழு மாசம் பாளம் இழுத்தான். வேலை முடித்து வந்து செம்பியனோடு இரண்டாம் ஆளாக நின்றான். கோணல் பெட்டியில் ஆடச் சொல்லிக்கொடுத்ததே செம்பியன்தான். அந்த ஞாயிறு அவன் ராத்திரி வேலை முடித்து, பாளம் இழுத்த கையோடு வந்தான்; கூட்டம் வருவதற்குள் கடைசித் தெருவை முடித்துவிட வேண்டும் என்று காலை எட்டு மணிக்கே இருவரும் கடை வாசலுக்குப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. ஒருத்தர் போய்ச் சாவி வாங்க வேண்டும், ஒருத்தர் இடம் பிடித்து நிற்க வேண்டும். இரண்டு பேரும் நான் நிற்கிறேன், நான் நிற்கிறேன் என்றார்கள். நீ சின்னவன், நீ போ என்றான் செம்பியன். சாவியோடு ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பியபோது எதிரே ஜனம் ஓடி வந்தது. ஆற்றங்கரைத் தெரு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. அதில் ஒரு படகு, வீட்டுக் கூரைக்கு மேலே.

"அவர மொத நாளு பாத்த எடத்துலயேதான் கடசி நாளும் பாத்தேன் டீச்சர். வாசப்படியில. கையக் கட்டிகிட்டு நின்னாரு."

அன்புமணி முன்னால் வரப் பார்த்தான். பக்கிரி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

"நம்ம ஸ்கூல்ல வேலைக்கு வந்தது?" என்று கேட்டாள் மாலதி.

"சொல்லத்தான் வந்தேன். மொத நாளு வேன்ல நீங்க முன்னாடி உக்காந்து, தூக்கம் வந்தா சொல்லுங்க, பேசிகிட்டே வரேன்னீங்க. பேசினீங்க. என்னால சொல்ல முடியல. அப்புறம் சொன்னா நீங்க பேச மாட்டீங்கன்னு ஆயிடுச்சு."

"அப்ப அவரு இல்ல."

அது கேள்வியாக வரவில்லை. இருந்தும் இளவரசு பதில் சொன்னான்.

"இல்ல டீச்சர்."

ஏழு வருடமாக யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. போலீஸ் காணவில்லை என்றது. மாமியார் வருவான் என்றாள். தம்பி கைகளைப் பார்த்தேன் என்றான். மாலதி முந்தானையை வாயில் வைத்து ஒரு தரம் அழுத்தினாள். பிறகு நடந்து வந்து பெட்டியின் இடப்பக்கத்தில், மணவாளன் விலகிக்கொடுத்த இடத்தில் நின்றாள். பூட்டிலிருந்து சாவியை உருவிக் கொத்திலிருந்து கழற்றினாள். நகம் பிய்ந்தது, கழற்றிவிட்டாள்.

திரையில் இளவரசுவின் ஆள் செத்து விழுந்திருந்தான். பெரிய எழுத்தில் எண்கள் ஒன்று ஒன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. இது என்ன எண்ணுகிறது என்று கேட்டாள். அது முடிவதற்குள் காசு போட்டால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம், இல்லாவிட்டால் முதலிலிருந்துதான் என்றார் சபாபதி, தாழ்ந்த குரலில். பக்கிரி தன்னையறியாமல் பாக்கெட்டில் கையை விட்டான். மணவாளன் அந்தக் கையைப் பிடித்தான்.

மாலதி எண்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"புதன்கிழம கல்யாணம் இல்ல. அன்னிக்கு அவருக்குக் காரியம். தேவனாம்பட்டினம் கடக்கரையில. எங்க மாமியார வேன்ல நீங்கதான் ஏத்திகிட்டு வரணும். இப்ப எங்கிட்டச் சொன்னத வழியில அவுங்ககிட்டச் சொல்லணும். ஒரு வார்த்த விடக் கூடாது."

இளவரசு தலையாட்டினான். கொஞ்சம் கழித்து, அதற்கப்புறம் என்று கேட்டான்.

"மொதல்ல அந்தம்மா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

எண்கள் முடிந்தன. திரை கறுத்து, மறுபடி ஆட்டத்தின் முதல் தெருவைக் காட்டியது. அவள் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தம்பியோடு வெளியே போனாள். இளவரசு பின்னால் போகவில்லை. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்க, வலப்பக்கத்திலேயே நின்றான்.

சந்தில் பைக்கைக் கிளப்புவதற்கு முன் பக்கிரி பூட்டைத் தோள்பைக்குள் போட்டான். புதன்கிழமை கல்யாணச் சாப்பாடு போய்விட்ட துக்கம் அவனுக்கு இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"சாவிய அக்கா கொண்டுபோயிட்டாங்க. வெறும் பூட்டக் கொண்டுபோயிக் குடுத்தா, சாவி எங்கன்னு சின்னையன் கேப்பாரே மாமா?"

"கேக்க மாட்டாரு. சாவி போயி ஏழு வருசமாச்சுன்னு அவருக்குத் தெரியும். வண்டிய எடு."

பக்கிரி வண்டியை எடுத்தான். மேலவீதி முனை வரைக்கும் போய்விட்டுத்தான் கவனித்தான், பின் இருக்கையில் ஆட்டம் இல்லை. மாமா இறங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தான். மணவாளன் இருந்தான். கால் நின்றிருந்தது.